‘பார்ட்’ என்னும் ஒருசொல் நூற்பாவும் உரை வேறுபாடுகளும்: வேலந்தாவளத்துப் பதிவுப் பெட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

தோற்றுவாய்

சங்க இலக்கியத்தில் கிளிக்கு ஆய்வேடு உண்டு. காக்கைக்கு உண்டு. நண்டுக்கும் இருக்கும். எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே, பிளாஸ்டிக் பூச்சாடிக்கும் முருகன் காலண்டருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் பதிவுப் பெட்டிக்கு மட்டும் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. இதற்கு நெறியாளர் கிடையாது. ஆகவே அவர் வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுப்பது, அவர் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வரிசையில் நிற்பது போன்ற ஆய்வுப் பணிகள் எனக்கு இல்லாமல் போயின. ஆய்வு ஆறு மாதத்தில் முடிந்தது அதனால்தான்.

ஆய்வுக் காலம்: 2011 ஜனவரி முதல் ஜூன் வரை. முதன்மைச் சான்று: பெட்டி. துணைமைச் சான்று: பெட்டியைப் பற்றி ஊரார் சொன்னவை. பெரும்பாலும் துணைமைச் சான்றையே நம்பினேன். மூலத்தைத் திறந்து பார்க்கும் கெட்ட பழக்கம் இத்துறையில் வேறு யாருக்கும் இல்லை என்று கேள்வி.

ஆய்வு எல்லை

‘எல்லை’ என்ற சொல்லை எங்கள் ஊரில் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். வேலந்தாவளம் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். செக்போஸ்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வெண்டைக்காய் மூட்டை காலையில் ஒரு மாநிலத்தில் ஏறி, டீ குடிக்கும் நேரத்தில் இன்னொரு மாநிலத்துச் சந்தையில் இறங்கும். தாவளம் என்றால் தமிழிலும் மலையாளத்திலும் தங்குமிடம். எது வேண்டுமானாலும் இங்கே வந்து தங்கும். எங்கள் பெட்டியில் பதிந்தவை மட்டும் தங்கா.

வரலாற்றுப் பின்னணி ஒரு பத்தியாவது இல்லாவிட்டால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே: காட்சியை நாடாவில் பதியும் கருவியை அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் உலகுக்குக் காட்டியது 1956 ஏப்ரலில். இரண்டு அங்குல அகல நாடா, அலமாரி அளவு எந்திரம். அதே 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தது. ஆக, எங்கள் வீட்டின் இரு பெரும் சிக்கல்களான பதிவும் எல்லையும் ஒரே ஆண்டில் பிறந்தவை. இதைக் கண்டுபிடித்தவன் நானே (காண்க: மின்கட்டண ரசீது, பின்பக்கம், பென்சில் குறிப்பு).

இடைக்காலம் டெக் காலம். வாடகை டெக்கும் டிவியும் சைக்கிள் கேரியரில் வரும். ஒரு இரவில் மூன்று படம். நாடா சிக்கினால் விரலைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றுவோம், சரியாகிவிடும். வீட்டில் பதிந்து வைத்துப் பிறகு பார்ப்பது குற்றமா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. சோனியின் பீட்டாமேக்ஸ் வழக்கு. 1984 ஜனவரியில், குற்றமில்லை என்று 5 நீதிபதிகளும் குற்றம்தான் என்று 4 நீதிபதிகளும் சொன்னார்கள். எங்கள் பெட்டி அந்த 4 பேர் கட்சி.

பிறகு 1999இல் டிவோ, ரீப்ளே டிவி என்று இரண்டு பெட்டிகள் அங்கே விற்பனைக்கு வந்தன. நாடா போய் ஹார்ட் டிஸ்க் வந்தது. ஒரு பக்கம் பதிந்துகொண்டே மறுபக்கம் அதையே ஓட்டிப் பார்க்கலாம், நேரலையை நிறுத்தி வைத்துவிட்டுத் தோசை ஊற்றிவிட்டு வரலாம். அந்த அற்புதம் டிஷ் வழியாக எங்கள் ஊர் வந்து சேரப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஆய்வறம்.

பழுக்காமையியல்

கிரிக்கெட் உலகக் கோப்பை பிப்ரவரி 19 தொடக்கம். பெட்டி ஜனவரியில் கடைக்கு வந்தது. அந்தச் சமயம்தான் எங்கள் பக்கத்து முதலமடையிலிருந்து மாம்பழமும் கிளம்பும். நாட்டில் வேறெங்கும் மாங்காய் பிஞ்சாக இருக்கும்போதே முதலமடைப் பழம் வண்டியேறிவிடும். முந்தி வருகிறவனுக்கு விலை. அந்த அவசரத்தில் சில கிடங்குகளில் கல் வைத்துப் பழுக்க வைப்பார்கள். மேலே மஞ்சள், உள்ளே புளிப்பு. பெட்டியைப் பிரித்ததுமே என் மூக்குக்குக் கல் வைத்த வாசனை தெரிந்திருக்க வேண்டும்.

பொருத்த வந்த தம்பி பாலக்காட்டுக்காரர். ஒரு சேனலைப் பதிந்துகொண்டே வேறொன்றைப் பார்க்க டிஷ்ஷிலிருந்து இரண்டு கேபிள் வர வேண்டும். அவர் ஒன்றுதான் கொண்டுவந்திருந்தார். இரண்டாவது எங்கே என்றேன். “அடுத்த ஆழ்ச்ச” என்றார். ஆழ்ச்ச என்றால் வாரம். எந்த வாரத்துக்கு அடுத்த வாரம் என்பதில் இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. பட்டியலில் தமிழ் சேனலுக்கு நேரே மலையாள நிகழ்ச்சியின் பெயர் வருகிறதே என்றேன். ரிமோட்டை வாங்கி, “நோக்கட்டே” என்று நோக்கி, மூன்று முறை பிளக்கைப் பிடுங்கிச் சொருகி, “அடுத்த அப்டேட்டில் ஷரியாகும்” என்றார். தமிழில் ‘சரியாகும்’, மலையாளத்தில் ‘ஷரியாகும்’. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இரண்டு மொழியிலும் ஆகவில்லை.

பெட்டியின் உறுப்புகள்

ஒலி: வரும்.

ரிமோட்: தனி ஆய்வுக்குரியது.

மின்விசிறி: உண்டு. இரவில் பெட்டியில் மிகச் சிறப்பாக வேலை செய்த உறுப்பு இதுவே.

சிவப்பு விளக்கு: பதிவு நடக்கும்போது எரியும். நடக்காதபோதும் எரியும்.

தொடர் பதிவு: ஒரு முறை அழுத்தினால் சீரியலின் எல்லா நாளும் தானாகப் பதியும் என்று கையேடு சொன்னது. அம்மா ‘நாதஸ்வர’த்துக்கு அழுத்தினார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பத்துப் பதிவு. ஐந்து நாதஸ்வரம், ஐந்து வேறொரு சேனலில் அதே நேரத்தில் ஓடிய மூட்டுவலித் தைலம். “தைலக்காரன் கதை நல்லாத்தான் இருக்குது கண்ணு, அடுத்த நாளும் போடு” என்றார் அம்மா.

‘பார்ட்’ நூற்பா

இனி ஆய்வின் உயிர்நிலை.

2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை. வான்கடேயில் இந்தியாவும் இலங்கையும் இறுதி ஆட்டம். அன்று பார்த்துப் பங்காளி வீட்டில் கேதம். சாவு மேட்ச் அட்டவணை பார்த்தா வரும்? மத்தியானமே பெட்டியில் பதிவு போட்டு, சிவப்பு விளக்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். இழவு வீட்டில் ஆம்பிளைகள் எல்லாரும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார்கள். துக்கம் என்று நினைத்தேன். துண்டுக்குள் செல்போனில் ஸ்கோர். நான் காதைப் பொத்திக்கொண்டு திண்ணைக் கோடியில் உட்கார்ந்திருந்தேன். இரவு பதினொன்றுக்குள் எல்லையின் இரண்டு பக்கமும் வெடி வெடித்ததில் முடிவு தெரிந்துவிட்டது. போகட்டும், காட்சி இருக்கிறதல்லவா என்று வீட்டுக்கு வந்து போட்டேன்.

அந்த ஆட்டத்தில் டாஸ் இரண்டு தடவை போட்டார்கள் என்பது வாசகர்கள் அறிந்ததே. இரண்டு டாஸும் பழுதில்லாமல் பதிவாகியிருந்தன. ஜெயவர்த்தனாவின் 103 இருந்தது. கம்பீர் 97இல் போல்டு ஆனது இருந்தது. யுவராஜும் தோனியும் நிற்கிறார்கள். தோனி கையுறையின் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டுகிறார். பட்டை பாதி ஒட்டியிருக்கிறது. கறுப்புத் திரை. நிகழ்ச்சிப் பட்டியலில் முடிவு நேரம் 10.30 என்று போட்டிருந்தார்கள். மேட்ச் அதற்கு மேல் போனது. பெட்டி போகவில்லை. 48.2ஆவது ஓவரில் குலசேகராவை அடித்த அந்த சிக்ஸர், உலகமெல்லாம் பார்த்தது, எங்கள் ஹார்ட் டிஸ்கில் இல்லை. கறுப்புத் திரையின் மூலையில் ஒரே ஒரு சொல்: பார்ட்.

இச்சொல்லுக்கு மூன்று உரைகள் கிடைக்கின்றன.

முதலாவது வேர்ச்சொல் உரை. எங்கள் தெருவின் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் செய்தது. ‘பார்’ என்பது ஏவல் வினை, காண்க எனப் பொருள்படும். ‘ட்’ என்பது அறுபடும் ஓசைக்குறிப்பு. எனவே ‘பார் என ஏவி, பார்க்கத் தொடங்குமுன் அறுப்பது’ என்பது பொருள், இது ஆங்கிலேயர் நம்மிடமிருந்து கொண்டுபோன சொல் என்றார். வல்லின மெய் தமிழில் சொல்லுக்கு இறுதியில் வராதே ஐயா என்று தடை எழுப்பினேன். “வராது. அதனாலதானப்பா உன்ற மேட்சுக்கு இறுதி வரல” என்றார். உலகத்து மொழிகளையெல்லாம் ஒரு வெற்றிலைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் அறிஞர்கள் பலரைப் படித்திருக்கிறேன். இவ்வளவு பொருத்தமாக மடித்தவர் இவர் ஒருவரே.

இரண்டாவது நாடக மரபுரை. அப்பத்தா அருளியது. சின்ன வயசில் விடிய விடிய நாடகம் பார்த்தவர். நான் சொல்லை வாசித்துக் காட்டியதும், உரலில் பாக்கைப் போட்டுக்கொண்டே, “ராஜபார்ட்டா, கள்ளபார்ட்டா?” என்று கேட்டார். விலையைச் சொன்னேன். “அப்ப கள்ளபார்ட்டுதான்” என்றார் (அப்பத்தா வாய்மொழி, திண்ணைப் பதிப்பு, வெற்றிலை இடிகாண்டம், சுண்ணாம்பு தடவுமுன் உள்ள பகுதி).

மூன்றாவது செக்போஸ்ட் டீக்கடை உரைக்கொத்து. இரண்டாம் பெஞ்சு, மூன்றாம் கிளாஸ், நுரை அடங்குவதற்குள் சொல்லப்பட்டது. இதன் ஒரே பிரதி பஜ்ஜி மடித்த தாளில் நான் எடுத்த குறிப்பு. எண்ணெய் பட்ட இடத்தில் ‘பெட்டியை மாற்று’ என்றும் ‘பெட்டியால் மாத்து’ என்றும் இருவிதமாகப் படிக்க இடமிருக்கிறது. இரண்டும் சிறந்த பாடங்களே. சாரம் இது: 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன ஆட்டத்தில் கபில்தேவ் அடித்த 175, எந்த டிவி கேமராவிலும் பதிவாகவில்லை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே அது வளர்ந்தது. உங்கள் பெட்டி தோனியின் சிக்ஸருக்கும் அந்தப் பெருமையைத் தந்திருக்கிறது. லாரிக்காரர் ஒருவர் இதைச் சொல்லி முடித்தபோது எனக்கே பெட்டியின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. கிளாஸை வைத்ததும் போய்விட்டது.

நான்காவதாக, கம்பெனியின் சேவை மையத்து உரை ஒன்றும் உண்டு. இதற்கு இரு பிரதிகள். அப்போது என் செல்போன் கேரளத்து சிம். கிணற்றடியில் நின்றால் கேரளத்து டவர் பிடிக்கும், முன்வாசலில் நின்றால் தமிழ்நாடு பிடித்து ரோமிங் ஆகிவிடும். கிணற்றடிப் பிரதியில் பதினாலு நிமிடம் வீணை இசையும் பிறகு ஒரு மலையாளப் பெண் குரலும். முன்வாசல் பிரதியிலும் அதே வீணை, அதே குரல், ரோமிங் காசு மட்டும் இடைச்செருகல். “பதிவு போடும்போது முடிவு நேரத்தை நீங்களே ஒரு மணி நேரம் கூட்டி வைக்கலாமே சார்” என்றது குரல். கூட்டி வைக்கும் பொத்தான் எங்கே என்றேன். அடுத்த அப்டேட்டில் வரும்.

ஊரார் இச்சொல்லை ‘பார்ட்டு’ என்றுதான் சொல்கிறார்கள் என்பதையும் குறிக்க வேண்டும். “உங்கூட்ல மேட்சு பார்ட்டாமா?” என்று சந்தையில் கேட்டார்கள். ஓர் உகரத்தைச் சேர்த்துச் சொல்லை முறையாக முடித்துவைக்கத் தக்காளி எடை போடும் ஆளுக்குத் தெரிகிறது.

இருமாநில வாக்கு எண்ணிக்கை

மே 13. கேரளம், தமிழ்நாடு இரண்டுக்கும் ஒரே நாளில் வாக்கு எண்ணினார்கள். ஏப்ரல் 13இல் வாக்குப்பதிவும் ஒரே நாள்தான். எல்லையில் குடியிருப்பவனுக்கு ஓட்டு ஒரு பக்கம், சம்பந்தி வீடு மறுபக்கம். அதற்குள் இரண்டாவது கேபிளும் வந்திருந்தது. ஒரு மலையாளச் சேனல், ஒரு தமிழ்ச் சேனல், இரண்டையும் பதியப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். கேரளத்தில் 140 இடத்தில் 72-68 என்று மூச்சு முட்டும் முடிவு. தமிழ்நாட்டில் ஆட்சியே மாறியது. சாயங்காலம் வந்து பார்த்தால் ஒன்றில் ‘டிஸ்க் நிறைந்தது’ என்று செய்தி. பக்கத்திலேயே, 88 விழுக்காடு காலி என்று பச்சைக் கோடு. இன்னொன்றில் பதிவு இருந்தது. நான்கு மணி நேரம், பழுதில்லாத படம். மூட்டுவலித் தைலம்.

அப்டேட் படலம்

ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழும்பிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி இதுதான். அரபிக்கடலில் கிளம்பியது நேரே எங்கள் மொட்டை மாடிக்கு வரும். தென்னை ஒரு பக்கமாகச் சாயும், துணிக் கொடியில் வேட்டி நிற்காது. டிஷ் ஒரு விரற்கடை திரும்பினாலும் சிக்னல் போய்விடும். கம்பெனி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த அப்டேட் டிஷ் வழியாகத்தான் வர வேண்டும். அது வானத்திலிருந்து இறங்கிய இரவில் எங்கள் டிஷ் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுவாரம் பாலக்காட்டுத் தம்பி வந்து, ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, டிஷ்ஷைத் திருப்பி வைத்தார். அன்று இரவு பெட்டி தானாக அணைந்து தானாக எழுந்தது. திரையில் நீலக் கோடு ஒன்று இருபது நிமிடம் நகர்ந்தது. அம்மா, அப்பத்தா, நான், மூவரும் தோசையை மறந்து உட்கார்ந்திருந்தோம். பழைய பதிவுகள் பத்திரமாக இருந்தன. முடிவு நேரத்தைக் கூட்டும் பொத்தானைத் தேடினேன். இல்லை. பட்டியலில் தமிழுக்கு நேரே மலையாளம், அப்படியே இருந்தது. தைலமும் இருந்தது. இறுதி ஆட்டத்தைப் போட்டேன். கையுறைப் பட்டை பாதி ஒட்டியதோடு கறுப்புத் திரை.

மூலையில் பார்த்தால் ‘பார்ட்’ இல்லை. தமிழ்ப்படுத்தியிருந்தார்கள். ‘பகுதி’ என்று அழகான எழுத்தில் இருந்தது.

ஓடிப்போய்த் தமிழாசிரியரிடம் சொன்னேன். தம் வேர்ச்சொல் ஆய்வு ஒரே இரவில் கவிழ்ந்ததில் அவருக்கு வருத்தம்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பகுதி குடுத்துட்டான். விகுதி எந்த அப்டேட்ல வருதாமா, கேட்டயா?” என்றார்.

கேட்க வேண்டும் என்று கிணற்றடிக்குப் போனேன். வீணை ஆரம்பித்தது.