தாழ்ப்பாள் நிபுணர்

கறம்பக்குடி போன்ற ஊரில் ரகசியம் காப்பது எளிது என்று நினைப்பவர் பெரிய நகரத்துக்காரராகத்தான் இருப்பார். பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறுகிறவரிடம் ‘எங்க இம்புட்டு தூரம்?’ என்று கேட்பதும், இறங்குகிறவரின் பையை ஒரு கண்ணால் எடை போடுவதும் இங்கே மரியாதையில் சேரும். கேட்காமல் விட்டால்தான் மனத்தாங்கல். அப்படிப்பட்ட ஊரில், வீட்டில் ஆளில்லாத ஒன்றரை மணி நேரத்தில் கதவைத் தாழிட்டுப் புடவை கட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி வேட்டிக்கு மாறிக் கடைத்தெருவில் உரமூட்டைக்கு விலை பேசுகிற மனிதர் ஒருவர் உண்டு. யாரென்று தேட வேண்டாம், இது ஒரு வகை. உங்கள் ஊரிலும் இருப்பார். அவரைத் திருநங்கையரோடு சேர்த்து எண்ணுவது தவறு. திருநங்கையர் பெண்ணாகவே வாழ்கிறவர்கள்; அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2008இல் நலவாரியமே அமைத்தது. நம்மவருக்கு வாரியமும் இல்லை, சங்கமும் இல்லை. மகளிர் குழுக் கூட்டம் முடிந்து வீட்டம்மா திரும்புவதற்குள் ஆணாகிவிட வேண்டும், அவ்வளவுதான். புடவை கட்டியதற்காக ஓர் ஆணைத் தண்டிக்கும் பிரிவு நாட்டின் சட்டத்தில் கிடையாது. சித்தப்பாக்களின் சட்டத்தில் உண்டு. இந்த இரண்டாவது சட்டத்துக்கு அஞ்சி வாழ்வதால், ஊரிலேயே கூர்மையான கண் இன்ஸ்பெக்டருடையதும் அல்ல, டீ மாஸ்டருடையதும் அல்ல, இவருடையதுதான் என்பது என் கட்சி.

முதலில் நேரத்தை எடுத்துக்கொள்வோம். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளை காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் இருக்காது என்று செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தி வரும். மற்றவர்கள் மாவு அரைக்க வேண்டுமே என்று அதைப் படிப்பார்கள். நம்மவர் படிக்கும் விதம் வேறு. ஃபேன் நின்றால் தெரு முழுவதும் திண்ணைக்கு வரும். திண்ணைக்கு வந்தவர்களுக்குப் பேச்சுத்துணை வேண்டும். பேச்சுத்துணை தேடுகிறவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். ஆகவே நாளைக்கு ஆகாது. கேஸ் சிலிண்டர் எந்தக் கிழமை வரும், மீட்டர் கணக்கெடுப்பவர் எந்த வாரம் தலைகாட்டுவார், உறை மோர் கேட்டு வருகிற பெரியம்மா வாசல் வழியா கொல்லை வழியா, எல்லாம் அவருக்கு மனப்பாடம். தெருமுனையில் திரும்புகிற எக்ஸெல் வண்டி யாருடையது, அது நிற்குமா போகுமா என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரங்களை அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். தோப்பு போனதால் கொல்லைப்புற ஜன்னல் ரோட்டுக்குத் தெரிய ஆரம்பித்த நஷ்டத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அதைக் கவனித்திருக்கக் கூடியவரும் இவர்தான். தெருவில் ஒரு களவு நடந்தால் போலீஸ் முதலில் விசாரிக்க வேண்டிய ஆள் இவர். ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறமாட்டார். ‘பகல் பதினொன்றரைக்கு அடுத்த வீட்டு கேட் சத்தத்தை ஏன் உற்றுக் கேட்டீர்?’ என்று வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், கேஸ் திசை மாறிவிடும்.

அடுத்தது தடயம். குளியலறைக் கண்ணாடியில் மனைவி ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு எத்தனை என்று கணவர்களுக்குப் பரீட்சை வைத்தால் தேறுகிறவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். எடுத்த புடவையை எடுத்த மடிப்பிலேயே திரும்ப வைக்கவும், பாச்சா உருண்டை முன்பு எந்த மடிப்பில் இருந்ததோ அங்கேயே அதைச் சேர்க்கவும், பீரோக் கதவு எந்தக் கோணத்தில் கிரீச்சிடும் என்பதை அறிந்து அதற்கு அரை அங்குலம் முன்னால் நிறுத்தவும் தெரிந்தவர். எல்லாவற்றையும் சூடினாலும் பூ மட்டும் சூடமாட்டார். கீரமங்கலம் பூ மார்க்கெட் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் மல்லிகை வாசனையை மடித்து பீரோவில் வைக்க வழியில்லையே. இந்தக் கலைக்குப் பாரதத்திலேயே முன்னோடி உண்டு. விராட நகரத்தில் பிருகன்னளையாக ஓராண்டு மறைந்து வாழ்ந்த அர்ச்சுனன், வில் நாண் உரசிய தழும்பை வளையல் போட்டு மறைத்தான். நம்மவருக்குக் கணக்கு தலைகீழ்: வளையல் அழுந்திய தடத்தை வாட்ச் பட்டையால் மறைக்கிறார். உடம்பில் எந்த அடையாளம் நம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று முன்கூட்டியே யோசிக்கிற புத்தி இருவருக்கும் ஒன்றுதான். கடைக்குப் போனாலும் இதே எச்சரிக்கை. உள்ளூரில் வாங்கமாட்டார்; தஞ்சாவூர்க் கூட்டத்தில் கரைந்துகொள்வார். அங்கே கடைப்பெண், ‘அக்கா என்ன கலர் சார், மாநிறமா?’ என்று கேட்பாள். ‘ஏறக்குறைய என் கலர்தாம்மா.’ ‘உயரம்?’ ‘அதுவும்தான்.’ இதில் ஒரு பொய்கூட இல்லை.

இவற்றையெல்லாம் விடக் கடினமான வித்தை, தெரிந்ததைத் தெரியாததாகக் காட்டுவது. மனைவி புதுப்புடவை கட்டிவந்து ‘எப்படி இருக்கு?’ என்கிறார். சராசரிக் கணவர் டிவியிலிருந்து கண்ணெடுக்காமல் ‘நல்லாருக்கு’ என்பார். ஃபால்ஸ் சுருங்கித் தைக்கப்பட்டிருக்கிறது, கொசுவத்தில் ஒன்று மட்டும் அகலம், ஊக்கு முந்தானையை இழுக்கிறது, இவ்வளவையும் ஒரே பார்வையில் கண்டுகொண்ட நம்மவரும், சராசரிக் கணவர் எடுத்துக்கொள்கிற நேரத்தைக் கணக்காக எடுத்துக்கொண்டு, டிவியிலிருந்து கண்ணெடுக்காமல் ‘நல்லாருக்கு’ என்பார். ‘அந்த மெரூன் உள்பாவாடை எங்க போச்சோ’ என்று வீடே தேடும்போது, அது இரண்டாம் தட்டில் இடது மூலையில் இருப்பது தெரிந்தும் சேர்ந்து தேடுவார். அதுவும் தவறான அறையில். ஆக, அவருடைய உண்மையான வேஷம் பூட்டிய அறையில் போடுகிறதல்ல. எதையும் கவனிக்காத ஆம்பளை என்ற வேஷத்தைத்தான் அவர் காலையிலிருந்து இரவு வரை கலைக்காமல் போட்டிருக்கிறார். அமெரிக்கச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் வெளியிட்ட ‘ஸ்டிக்மா’ என்ற நூலில் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறார்: மறைக்க ஒன்று உள்ளவன், மற்றவர்கள் யோசிக்காமல் கடந்துபோகிற சாதாரணச் சூழ்நிலைகளையும் ஆராய்ந்துகொண்டே இருக்க வேண்டியவனாகிறான். அவர் கறம்பக்குடிக்கு வந்ததில்லை; வந்திருந்தால் புத்தகம் இன்னும் கொஞ்சம் தடித்திருக்கும்.

இதற்குப் பெயர் கவனம் அல்ல, பயம் என்று ஒருவர் மறுக்கலாம். கள்ளனுக்கும் இந்தக் காது உண்டே என்று இன்னொருவர் கேட்கலாம். கள்ளனுக்கு உண்டுதான், ஆனால் பீரோச் சாவி கிடைத்ததும் அவன் கவனம் தீர்ந்துவிடும். நம்மவருக்குச் சாவி கிடைத்த பிறகுதான் வேலையே ஆரம்பம். புடவையில் பாக்கெட் இல்லாததால் சில்லறையும் செல்போனும் பெண்களை என்ன பாடு படுத்துகின்றன, முதுகுப்பக்கக் கொக்கிக்குக் கை எட்டாதபோது மனிதப்பிறவி எவ்வளவு தனிமையானது, குனிந்து கோலம் போடும்போது முந்தானை எங்கே போகும் என்பதையெல்லாம் பயம் கற்றுக்கொடுக்காது. பயந்தவன் கதவை மட்டும் பார்ப்பான். இவர் கதவையும் பார்க்கிறார், கண்ணாடியையும் பார்க்கிறார். பயமே இல்லை என்று நான் வாதிடவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்லெபியன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மனிதர் சராசரியாக 13 ரகசியங்கள் வைத்திருக்கிறார். அவற்றில் ஐந்து யாரிடமும் சொல்லாதவை. பிறரிடம் மறைக்கிற தருணங்களைவிட, தனியே இருக்கும்போது மனம் அதையே சுற்றிச்சுற்றி வருவதுதான் ஆளை வாட்டுகிறதாம். ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கூர்மைக்கு இவர் தூக்கத்தில்தான் விலை கொடுக்கிறார். கண் கூர்மையாக வேண்டுமென்று யாரும் இந்த வழியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வலுவான மறுப்பு நாடக மேடையிலிருந்து வருகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள்தான் ஸ்திரீபார்ட். டி.கே. சண்முகம் ஔவைப் பாட்டியாக நடித்து ‘அவ்வை சண்முகம்’ என்றே பெயர் பெற்றார். அவர்கள் கவனிக்காததையா இவர் கவனித்துவிட்டார்? ரகசியமே இல்லாமல் ஆயிரம் பேர் பார்க்க நின்று கற்றவர்கள் ஆயிற்றே! நியாயம்தான், பாதிப் பாடத்தைப் புடவையே சொல்லித்தருகிறது என்று விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அவர்களுக்கு அடித்துத் திருத்த வாத்தியார் இருந்தார், தப்பினால் சிரிக்க முன்வரிசை இருந்தது. இவருக்கு வாத்தியாரும் முன்வரிசையும் இவரேதான். மீதிப் பாதி ரகசியத்தின் வேலை என்பதற்குச் சான்று குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் தசராவுக்கு நேர்த்திக்கடனாக ஆயிரக்கணக்கான ஆண்கள் வேஷம் கட்டுகிறார்கள். அதில் பெண் வேஷமும் ஏராளம். ஊரறியச் செய்கிற காரியத்தில் எவ்வளவு தாராளம் பாருங்கள்! மீசை அப்படியே இருக்கும், கொசுவம் ஒரு பக்கம் தொங்கும், விக் நெற்றிக்கு இறங்கும், புடவைக்குக் கீழே பேண்ட் எட்டிப்பார்க்கும். யாரும் கவலைப்படுவதில்லை, அம்மனும் கோபிப்பதில்லை. கூட்டாளிகளோடு வேடிக்கை பார்க்க வேட்டி சட்டையில் வந்திருக்கும் நம்மவருக்குத்தான் பொறுக்காது. வேஷக்காரர் ஒருவரை நிறுத்தி, ‘தம்பி, மொதல்ல முந்தானையை அளந்து ஊக்கு போட்டுக்க, அப்புறம் கொசுவம் வை’ என்று வாய்தவறிச் சொல்லிவிடுவார். கூட வந்த மச்சான் திரும்பிப் பார்த்து, ‘மாமா, இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பார். அதற்கான பதில் தஞ்சாவூர்க் கடைப்பெண்ணுக்குச் சொன்ன பதில்போலப் பொய் கலவாமல் இருக்க வாய்ப்பில்லை.