ஜெனரல் ஊற்றிக் கொடுத்த மது

போலந்து ராணுவத்தின் 1-வது கவச டிவிஷன் பிறந்தது 1942-ல், ஸ்காட்லாந்தில். சொந்த நாட்டை ஹிட்லரும் ஸ்டாலினும் பாகம் பிரித்துக்கொண்டுவிட்டதால் பிரசவத்துக்கு வெளியூர் போகவேண்டியதாயிற்று. தளபதி ஸ்தானிஸ்வாவ் மாச்செக். 1939-ல் போலந்திலிருந்து ஹங்கேரிக்கு, 1940-ல் பிரான்ஸிலிருந்து பிரிட்டனுக்கு என்று ஜெர்மன்காரர்களிடம் அகப்படாமல் நழுவுவதில் கைதேர்ந்தவர்.

1944 ஆகஸ்டில் நார்மண்டியில் இறங்கினார்கள். முதல் வரவேற்பே அமர்க்களம்: அமெரிக்க விமானங்கள் இலக்குத் தவறி இவர்கள் தலையிலேயே குண்டு போட்டன. நண்பர்களிடமிருந்து தப்பியவர்களுக்கு எதிரிகள் எம்மாத்திரம்? ஃபலேஸ் அருகே '262' என்ற குன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தப்பியோடும் ஜெர்மன் படையின் வழியை மறித்தார்கள். ஓடுகிறவன் முன்னாலிருந்து மோத, அவனை மீட்க வந்தவன் முதுகில் மோத, குண்டுகள் தீரப்போகும் நேரத்தில், ஆகஸ்ட் 21 அன்று சாவகாசமாகக் கனடாக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அக்டோபரில் நெதர்லாந்தின் ப்ரெடா நகரை இடிக்காமலே மீட்டார்கள். 1945 மேயில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் கடற்படைத் தளம் இவர்களிடம் சரணடைந்தது. ஜெர்மனியில் ஹாரன் என்ற ஊரையே காலி செய்து, போலந்துக்காரர்களைக் குடியேற்றி, மாச்செக் பெயரையும் சூட்டினார்கள். 1948 வரை அந்த அதிகாரம் நடந்தது.

இனி சம்பளப் பட்டுவாடா. ப்ரெடா மாச்செக்கைக் கௌரவக் குடிமகனாக்கியது. போலந்தின் கம்யூனிஸ்ட் அரசோ 1946-ல் இருந்த குடியுரிமையையும் பிடுங்கிக்கொண்டது. பிரிட்டன் ஜெனரலுக்குரிய பென்ஷன் தரவில்லை. எடின்பரோ ஹோட்டல் ஒன்றின் மதுக்கூடத்தில் மாச்செக் மது ஊற்றிக் கொடுத்துப் பிழைத்தார். ஹோட்டல் முதலாளி அவருடைய பழைய சிப்பாய். சிப்பாய் முதலாளி, தளபதி சிப்பந்தி! மனிதர் அசரவில்லை, 102 வயதுவரை இருந்து, இரண்டு அரசுகளுக்கும் பெப்பே காட்டிவிட்டு 1994-ல்தான் போனார்.

கம்யூனிஸ்டுகள் போனதும் மாச்செக் படைக்கு வாரிசு தேடும் படலம். போலந்தின் ஜகாஞ் நகரில் இருந்த 11-வது டிவிஷன், சோவியத் பக்கம் நின்று போரிட்ட போலந்துப் படையின் பரம்பரை. அதுவே இப்போது 'கவசக் குதிரைப்படை' என்று பெயர் மாற்றிக்கொண்டு (குதிரை ஏதும் கிடையாது), மாச்செக் ஆட்களின் கறுப்புத் தோள்பட்டியையும் இடது தோளில் மாட்டிக்கொண்டது. தத்துப்பிள்ளைதான்; இருந்தாலும் கொள்ளி போட ஒருவன் வேண்டுமே.

பிள்ளைக்கு வண்டி வாங்கித் தந்தது யார் தெரியுமா? ஜெர்மனி. 2002-ல் 128 லெப்பர்ட் டாங்கிகளை ஏறக்குறைய இனாமாகவே கொடுத்துவிட்டது. இன்றும் மாச்செக் வாரிசுகள் ஜெர்மன் டாங்கியில்தான் பவனி வருகிறார்கள்.