டேப்பட்டு பேசட்டும் மாப்ளே

அம்பாசடர் வாங்கினது தப்பில்ல மாப்ளே. வாங்கின சூட்டோட அதுக்குச் சீக்குன்னு ஊரைக் கூட்டினியே, அதைத்தான் சொல்றேன். பானெட்டுக்குள்ள செல்போனை நீட்டி, அந்த 'டிக் டிக்'கைப் பதிவு பண்ணி, மச்சினன், சகலை, பேங்க் மேனேசர்னு ஒருத்தர் பாக்கியில்லாம அனுப்பியிருக்கே. மேனேசர் 'இஞ்சினை இறக்கோணும்'னாராமா. கடன் கொடுக்கறவரு வேற என்ன சொல்லுவாரு?

உன்ற வண்டி இஞ்சின் 1489 சிசி, மோரிஸ் ஆக்ஸ்போர்டு வம்சம். மொத்தம் எட்டு வால்வு. கீழ கிடக்கற கேம் ஷாஃப்ட்டு டேப்பட்டைத் தூக்கும், டேப்பட்டு புஷ்ராடைத் தள்ளும், புஷ்ராடு ராக்கரை எத்தும், ராக்கர் வால்வை அமுக்கும். நம்ம சொசைட்டியில கடன் மனு நகர்ற மாதிரி கைமாறிக் கைமாறித்தான் வேலை நடக்கும். அந்த ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவுல ஒரு சந்து விடோணும். அங்குலத்துல ஆயிரத்துல 15 பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர். சந்து இருந்தா இரும்பு இரும்பைத் தட்டத்தான் செய்யும். தையல் மிசின் ஓடற சத்தம் அது. அதுக்கா நீ ராத்திரி தூங்காம கிடக்கறே?

சரி, நெசமாலுமே கோளாறா இருந்தா? மொதல்ல சத்தம் எங்கிருந்து வருதுன்னு பாரு. நீளமா ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடு. முனையை ராக்கர் கவர் மேல வெச்சு, கைப்பிடியைக் காதோட ஒட்டிக் கேளு. ஃபேன் பக்கம் தலையைக் கொடுத்துறாதே, உங்கக்கா என்னையத்தான் கேப்பா. ஆக்சிலேட்டரைத் தொடாம 800 சுத்துல ஓடுதுன்னா, ஒரு வால்வு நிமிசத்துக்கு 400 தடவைதான் தட்டும், கேம் ஷாஃப்ட்டுக்குப் பாதி வேகம்தானே. மேலிருந்து லேசா, ஒரே சீரா வந்தா டேப்பட்டு. ஆயில் சம்ப் பக்கமிருந்து 'டொம் டொம்'னு கனமா வந்து, ஆயில் லைட்டும் மினுக்கினா பேரிங்கு. அப்போ வண்டியை அங்கயே நிறுத்திப்போடு, மேனேசர் பேச்சும் பலிச்சுப்போச்சுன்னு வெச்சுக்கோ.

இன்னொரு கள்ளன் இருக்கான். வெள்ளென ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக்குங்கும், சூடேறினா அடங்கிப்போகும், மேடேறினா மறுபடி கத்தும். அது டேப்பட்டே இல்ல, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங். இரும்பு சூட்டுல விரிஞ்சு ஓட்டையை அடைச்சுக்குது, அவ்வளவுதான். பேக்கிங் ஓரத்துல கரி படிஞ்சிருக்கான்னு பாரு. இதைக் கண்டுபிடிக்காம ஹெட்டையே கழட்டினவங்க நம்மூர்லயே இருக்காங்க, பேரு வேண்டாம், ஒறம்பரை. பிளக்கு லூசா இருந்தாலும் இதே பாட்டுத்தான். எதுவா இருந்தாலும் ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாரு. ஓசியில ஆகற காரியம்கறதாலயோ என்னமோ, அதை மட்டும் ஒருத்தனும் செய்யறதில்ல.

இப்ப விசயத்துக்கு வாரேன். யாரோ ஒரு மெக்கானிக்கு 'சத்தமே வராமப் பண்ணித் தாரேன்'னானாமே. பண்ணுவான், சந்தை இறுக்கிப்போட்டா சத்தம் போயிரும். வண்டியும் கோயில் மாடாட்டம் சாதுவாப் போகும், நீயும் அவனுக்கு பிரியாணி வாங்கிக் கொடுப்பே. ஆனா எக்ஸாஸ்ட் வால்வு நெருப்புலயே நிக்கற ஆளு. சீட்ல முழுசா உக்காந்தாத்தான் அந்தச் சூட்டை ஹெட்டுக்குள்ள இறக்கிவிட முடியும். சந்து இல்லீன்னா ஒழுங்கா உக்காராது, இடுக்குல நெருப்பு பாயும், ஓரம் தின்னுபோகும். அப்பறம் ஒரு சிலிண்டர் செத்துப்போய் வண்டி நொண்டும். பிரியாணி தின்னவனே ஹெட்டைக் கழட்டவும் கூலி வாங்குவான்.

இன்னொண்ணு. 2000-லிருந்து நாடு பூரா ஈயமில்லாத பெட்ரோல்தான். பழைய ஹெட்டுகள்ல வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவுல மெத்தையா இருந்தது அந்த ஈயந்தான். அது போனதும், வேகமா ஓட்ற வண்டியில சீட்டு தேஞ்சு வால்வு உள்ள இறங்கும். இறங்கினா சந்து தானா குறையும், டேப்பட்டு ஊமையாயிரும். 'வண்டி பழகிடுச்சு மாமா'ன்னு நீ வந்து சிரிப்பே பாரு, அன்னிக்குத்தான் எனக்குப் பயம் வரும். தட்டற டேப்பட்டுல பவரு கொஞ்சம் கொறையலாம், நாள்பட்டாத் தேயும். இறுகின டேப்பட்டு சொல்லாமக் கொள்ளாம வால்வை எரிச்சுப்போடும்.

சந்து வெக்கறதுக்கு ஒம்பது கணக்கு ஒண்ணு இருக்குது. முன்னாலிருந்து வால்வுகளை எண்ணிக்கோ. எட்டாவது முழுசா அமுங்கி நிக்கறப்போ ஒண்ணாவதோட சந்துக்குள்ள ஃபீலர் கேஜை விடு. ஆறு அமுங்கினா மூணு. எப்பவும் கூட்டினா ஒம்பது வரோணும். கேஜு லேசா இழுபட்டுப் போகோணும், தொளதொளன்னும் போகக்கூடாது, மல்லுக்கட்டவும் கூடாது.

அப்படி வெச்சும் ஒண்ணு மட்டும் தட்டுச்சுன்னா, ராக்கரைத் திருப்பி அது வால்வைத் தொடற மூஞ்சியை நகத்தால தடவிப் பாரு. அங்க சின்னதா குழி விழுந்திருக்கும். கேஜு தட்டையான தகடு, குழிக்கு மேல பாலம் போட்டாப்ல போயிரும், 'எல்லாம் சரி'ன்னு உன்னைய ஏமாத்தும். நெசத்துல குழி ஆழத்துக்குச் சந்து கூடுதலா கிடக்கும். அந்த ராக்கரைத் தேய்ச்சு எடுக்கோணும், இல்லீன்னா மாத்தோணும். அதுக்காக ஸ்க்ரூவை மேல மேல இறுக்கிட்டே போற மசையன் வேலையைப் பண்ணாதே. அப்படியே ராக்கர் ஷாஃப்ட்டுல எண்ணெய் ஏறுதான்னும் பாத்துக்கோ, ஓட்டை அழுக்கேறி அடைஞ்சா மேல எல்லாம் காஞ்சு கிடக்கும்.

யாரோ பெரிய ஆளு, 'கெட்டியா ஆயில் ஊத்து, அடங்கிரும்'னும் சொல்லியிருக்காப்ல. வண்டி புரோக்கருங்க விக்கற அன்னிக்குப் பண்ற வித்தை அது. நீ வாங்கின அன்னிக்கு இஞ்சின் வெகு அமைதியா இருந்துச்சுன்னியே, டிப் ஸ்டிக்கை ரெண்டு விரலால தொட்டுப் பாத்தியா? பாத்திருக்க மாட்டே. பெயிண்டைத்தானே தடவிட்டு நின்னே.

ஞாயித்துக்கிழமை இங்க கொண்டா, பாத்துரலாம். ராக்கர் கவருக்குப் புதுசா ஒரு கார்க் பேக்கிங் வாங்கிக்கோ. பழசைத் தொட்டாலே பொரபொரன்னு உதுந்துரும், அப்பறம் ஆயில் ஒழுகுதுன்னு அதுக்கொரு ஓரியாட்டம் பண்ணுவே. கடைக்காரன் 'பேக்கிங் வேண்டாங்க, கம் தடவினாப் போதும்'பான். சரி சரின்னு தலையை ஆட்டிட்டு, பேக்கிங்கை வாங்கிட்டு வா.