சோறு ஊருக்கு, கஞ்சி ராணிப்பேட்டைக்கு

ராணிப்பேட்டை பிறந்ததே ஒரு வரி பாக்கியில்தான்.

செஞ்சிக் கோட்டையில் தேசிங்கு என்று ஒரு ராஜா. வயது இருபத்திரண்டு என்பார்கள். மீசை முளைத்ததோ இல்லையோ, ரோஷம் முழுசாக முளைத்திருந்தது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். இந்தக் காலமாக இருந்தால் கோர்ட்டில் ஒரு தடை உத்தரவு வாங்கிக்கொண்டு இருபது வருஷம் நிம்மதியாக ஆண்டிருக்கலாம். விவரம் போதாத பிள்ளை, குதிரை மேல் ஏறிவிட்டான். 1714-ல் கதை முடிந்தது. இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள்.

வசூலுக்குப் போன இடத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று நவாபுக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். ஆற்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் வடகரையில் ஓர் ஊரைக் கட்டி அந்த ராணியின் பெயரால் வழங்கச் செய்தார். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெயர் சூட்டிச் சமாதானம் சொல்லும் நிர்வாக முறை இந்த மண்ணில் அன்றைக்கே அமலுக்கு வந்தாயிற்று.

அடுத்து வந்தவர் ராபர்ட் கிளைவ். கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கு எழுத வந்த பையன். எழுதி அலுத்துப்போய்ச் சண்டைக்குப் போனவர். 1751-ல் சுமார் 500 ஆட்களோடு வந்து எதிர்க்கரை ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிப் வெளியே வளைத்துக்கொண்டார். ஐம்பது நாள் முற்றுகை. அரிசி அடிப்பானைக்கு வந்துவிட்டது. அப்போது நம்மூர்ச் சிப்பாய்கள், துரைமாருக்குச் சோற்றைக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சொன்னதாக வெள்ளைக்கார வரலாற்று ஆசிரியர்கள் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். நிஜமாகவே அப்படிச் சொன்னார்களா, இல்லை, அவர்கள் முறை வரும்போது சட்டியில் மிஞ்சியிருந்ததே அதுதானா என்று எந்தச் சிப்பாயையும் கேட்டு யாரும் எழுதவில்லை. எப்படியோ, சோறு அங்கே, கஞ்சி இங்கே என்கிற நிதிப் பங்கீட்டுச் சூத்திரம் பாலாற்றங்கரையில் நிலைத்துவிட்டது. அதன் பிறகு வந்ததெல்லாம் திருத்திய பதிப்புகள்.

கிளைவ் புண்ணியத்தில் நவாப் ஆன முகமது அலி வாலாஜா, கம்பெனி ஆட்களிடமே கடன் வாங்கி, அவர்களுக்கே வட்டி கட்டி, அந்த வட்டிக்காக ஊர் ஊராக வரி வசூலை எழுதிக் கொடுத்த மகானுபாவர். 1785-ல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமெண்டில் எழுந்து நின்று ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். ஆக இந்த வட்டாரம் உலக அளவில் நாறியது முதலில் கணக்கு வழக்கால்தான். தோல் நாற்றமெல்லாம் பின்னால் வந்தது.

இந்தப் பக்கத்துக்கு எல்லாமே முதலில் வரும். அது ஒரு ஜாதக விசேஷம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் புறப்பட்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் வாலாஜா ரோட்டில்தான் வந்து நின்றது. நாட்டின் முதல் உரத் தொழிற்சாலையைப் பாரி கம்பெனி 1906-ல் ராணிப்பேட்டையில் வைத்தது. அதே கம்பெனி பின்னால் இதே ஊரில் பீங்கான் கழிப்பறைச் சாமான்களும் செய்தது. இந்திய நடுத்தர வர்க்கம் குந்துவதை விட்டு உட்காரப் பழகியதில் ராணிப்பேட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு தேசமே காலையில் நம்மூர் மேல் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. நம்மூரைப் பற்றித்தான் யோசிக்கவில்லை. டாக்டர் ஐடா ஸ்கடர் 1870-ல் பிறந்தது ராணிப்பேட்டையில். அவர் தொடங்கி உலகப் புகழ் பெற்ற ஆஸ்பத்திரி இருப்பது வேலூரில். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர் ராசி அப்படி.

இனி தோலுக்கு வருவோம். அந்தக் காலத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டை போதும். குழியில் ஊறவைத்தால் வாரக்கணக்கில் ஆகும். அவசரமில்லாத தொழில். அரைப்பதமாக்கிய தோல் கப்பலேறும். வெளிநாட்டில் அதற்கு மெருகேற்றி அவர்கள் காசு பார்ப்பார்கள். 1972-ல் சீதாராமய்யா கமிட்டி, ஏன் அரைப்பதத்தில் அனுப்புகிறீர்கள், முழுசாக முடித்து அனுப்பினால் அந்நியச் செலாவணி கூடுமே என்றது. நல்ல யோசனைதான். தில்லியும் ஊக்கத்தொகையை அள்ளிவிட்டது. ஆவாரம் பட்டை ஓரமாகப் போய், குரோமிய உப்பு நடு வீட்டுக்கு வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை நாள் கணக்கில் முடிந்தது. சுத்திகரிப்பு நிலையம் மட்டும் அந்த அவசரத்தில் சேரவில்லை. ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், 170 வகை ரசாயனம் என்று பின்னால் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே பதிவானது. செலாவணி தில்லிக்குப் போயிற்று. அந்த 35 லிட்டர் பாலாற்றுக்குப் போயிற்று. சூத்திரம் ஞாபகம் இருக்கிறதல்லவா?

மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் முதல் தொழிற்பேட்டையும் இங்கேதான். பிறகு, தோல் கம்பெனிகளுக்குக் குரோமியம் வேண்டுமே என்று தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை எழுபதுகளின் நடுவில் எழுந்தது. இருபது வருஷம் போல ஓடியது. தொண்ணூறுகளின் நடுவில் கதவைச் சாத்தியது. பூட்டும்போது மெஷினை மறக்கவில்லை, கணக்குப் புத்தகத்தை மறக்கவில்லை. மறந்துபோனது ஒன்றே ஒன்று: வளாகத்தில் குவித்து வைத்திருந்த இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு.

சாதாரணக் கழிவா அது? ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரும் வகை. தண்ணீரில் சுலபமாகக் கரையும். வெயில் காலத்தில் பார்த்தால் புல் முளைக்காத ஒரு மேடு, அவ்வளவுதான். மழை பெய்தால்தான் அதன் நிறம் தெரியும். அடியிலிருந்து மஞ்சள் மஞ்சளாகத் தண்ணீர் கசிந்து, சுவர் ஓரமாக இறங்கி, வாய்க்கால் பிடித்து, காரை, புளியங்கண்ணு பக்கம் நடக்கத் தொடங்கும். கிணற்றில் வாளி விட்டால் வாளியும் மஞ்சள். மழைக்கு மழை ஊருக்கே மஞ்சள் நீராட்டு விழா. சீர்வரிசைதான் யாரும் கொண்டுவரவில்லை.

ஆனால் பெருமைகள் தேடி வந்தன. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலை வெளியிட்டது. அணு உலை வெடித்த செர்னோபில் ஒன்று. ராணிப்பேட்டை இன்னொன்று. அவர்களாவது ஒரு விபத்து நடந்து அந்த இடத்தைப் பிடித்தார்கள். நாம் விபத்தே இல்லாமல், தினசரி ஷிப்டில் உழைத்துப் பிடித்தோம். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்கப் பரீட்சை வைத்து மார்க் போட்டது. 70-ஐத் தாண்டினாலே படுமோசம் என்று அர்த்தம். ராணிப்பேட்டை அப்போது அடங்கியிருந்த வேலூர் – வட ஆற்காடு வாங்கியது 81.79. அகில இந்திய அளவில் எட்டாவது ரேங்க். ஒரு பிளஸ் டூ பிள்ளை இப்படி ரேங்க் வாங்கியிருந்தால் கலெக்டர் சால்வை போர்த்தி, லேப்டாப் கொடுத்துப் படம் எடுத்திருப்பார்.

இதில் ஒரு கூத்து உண்டு. இதே ராணிப்பேட்டையில்தான் பெல் கம்பெனியின் ஆலை இருக்கிறது. அங்கே என்ன செய்கிறார்கள்? அனல் மின் நிலையப் புகைபோக்கியில் சாம்பலை வெளியே விடாமல் பிடித்து நிறுத்தும் கருவிகள். இந்தியா பூராவும் காற்றைச் சுத்தப்படுத்த இங்கிருந்து லாரி லாரியாகச் சாமான் போகிறது. நாட்டுக்கெல்லாம் முகமூடி தைத்துக் கொடுத்துவிட்டு நம்மூர் தும்மிக்கொண்டிருக்கிறது.

சட்டம் சும்மா இருந்ததா என்றால் இல்லை. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசு செய்தவனே விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் உள்ள வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதும் அதில் பதிவாகியிருக்கிறது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் நம் பாலாற்றைப் படிக்கிறார்கள். தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் அபராதம் பத்தாயிரம் ரூபாய். அந்தக் காலத்துப் பத்தாயிரம் பெரிய தொகைதான். ஓர் ஆலை முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் மேளக்காரருக்குக் கொடுக்கலாம்.

தனியாக இழப்பீடும் கணக்கிட்டார்கள். 2001-ல் வந்த முடிவின்படி வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், மொத்தத் தொகை 26.82 கோடி. கால்குலேட்டரை எடுத்து வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 9,200 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. அதுவும் 1991 முதல் 1998 வரையிலான நஷ்டத்துக்கு. நிலம் போன விவசாயிக்கு ஏழு வருஷத்துக்கும் சேர்த்து, ஆலைக்குப் போட்ட அபராதத்தைவிடக் குறைவு. கிளைவின் சமையல்காரர் உயிரோடு இருந்திருந்தால் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டிருப்பார்.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. 2015 ஜனவரி 31 விடியுமுன், ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிக்கத் தேக்கி வைத்த கழிவே ஆளைக் கொன்றது.

மறு வருஷம், 2016-ல், வேலூர் ஸ்மார்ட் சிட்டி ஆனது. மத்திய அரசு 500 கோடி, மாநிலம் அதற்குச் சமமாக என்பது திட்டம். வேலூருக்குக் கிடைத்ததில் வயிற்றெரிச்சல் இல்லை. அவர்களும் இதே பாலாற்றைக் குடித்தவர்கள்தான். ஆனால் மாசுப் பட்டியலில் வேலூருக்கு மார்க் வாங்கிக் கொடுத்த ஊர், காசுப் பட்டியல் வந்தபோது வேறு ஊராகிவிட்டது. 2019 நவம்பரில் வேலூரை மூன்றாகப் பிரித்து ராணிப்பேட்டையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், பெயர்ப்பலகை வந்தது. குரோமியக் கழிவுக் குவியல் இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது அதன் மாவட்டம் மட்டும் மாறியிருந்தது.

பதினைந்தாவது நிதிக் கமிஷன் காற்றைச் சுத்தப்படுத்த என்றே 12,139 கோடி ஒதுக்கியது. யாருக்கு? பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களுக்கு. ராணிப்பேட்டையில் 2011 கணக்குப்படி சுமார் 50 ஆயிரம் பேர். நவீன ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கிவிட்டது. பணம் தலையை எண்ணி வரும். விஷம் தலையை எண்ணி வருவதில்லை. இன்னும் ஒன்பதரை லட்சம் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டு வாருங்கள், புகையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லாமல் சொல்கிறார்கள்.

2025 ஜனவரி 30 அன்று சுப்ரீம் கோர்ட் மறுபடியும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்புச் சொல்லி, இழப்பீட்டை முழுசாகக் கொடுங்கள், ஆற்றை மீட்கக் கமிட்டி போடுங்கள் என்றது. 1996-ல் சொன்னது காதில் விழுந்திருந்தால் 2025-ல் சொல்ல வேண்டிய வேலை இருந்திருக்காது.

இதில் யார் வில்லன் என்று கேட்டால் தோல் முதலாளியைக் காட்டிவிட்டுப் போவது சுலபம். அவரிடம் வாங்க வேண்டியதைக் கண்டிப்பாக வாங்க வேண்டும். ஆனால் தோலை முழுசாக முடித்து அனுப்பச் சொன்னது ஒரு கமிட்டி, ஊக்கத்தொகை கொடுத்தது அரசு, இடம் ஒதுக்கியது அரசு நிறுவனம், செலாவணியை எண்ணிப் பெட்டியில் வைத்தது தில்லி. லாபத்தில் பங்கு எடுத்த எல்லோருக்கும் கழிவிலும் பங்கு உண்டு. அடுத்த நிதிக் கமிஷன் ஜனத்தொகையோடு கழிவையும் டன் கணக்கில் எண்ணி, எந்த ஊர் தலையில் எவ்வளவு கொட்டியிருக்கிறோம் என்று பார்த்துப் பணம் பிரிக்கட்டும். அதுவரை ராணிப்பேட்டைக்குப் புதுப் பட்டமோ, பட்டியலோ, கமிட்டியோ வேண்டாம். அந்தக் குவியலைப் பாதுகாப்பாக அள்ளிக்கொண்டு போக ஆளையும் பணத்தையும் அனுப்புங்கள், போதும்.