அவர்களுக்குப் புட்டி, நமக்கு மூட்டை

7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக்குக் கலியுகவரதராசப் பெருமாளும் வரவில்லை, சிமென்ட் லாரியும் வரவில்லை. கடல்தான் கிடந்தது. அதில் கிரிஃபியா என்ற சிப்பிக் கூட்டம் பிறந்து, தின்று, செத்து, ஓட்டை மட்டும் நமக்கு எழுதிவைத்துவிட்டுப் போனது. அதுதான் இன்று வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்.

அதே கிரெட்டேசியஸ் காலத்தில் பிரான்ஸிலும் கடல் இருந்தது. அங்கும் சுண்ணாம்புதான் படிந்தது. அவர்கள் அதன்மேல் திராட்சை நட்டார்கள், ஷாம்பெயின் வந்தது. நாம் வெடி வைத்தோம், சிமென்ட் வந்தது. 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளுக்கு அரியலூர் என்று பெயர் சூட்டினார். அவருக்குச் சம்பளம் கல்லைப் பார்க்க; பந்தல் போட அல்ல.

யவனராவது உதவியிருக்கலாம். அவர்கள் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் அருந்தி இனிதிருக்கும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றில் இருக்கிறது. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலருக்கு ரோமானியச் சாடித் துண்டுகள் கிடைத்தன. சாடி வந்தது, கொடி வரவில்லை. எப்படி வரும்? ஒரு குச்சியை ஒடித்துக் கொடுத்துவிட்டால் அடுத்த பருவம் மிளகுக்கு எதைக் கொடுப்பான் யவனன்? புலவருக்கோ வாழ்த்தவே நேரம் சரியாக இருந்தது.

கடைசியில் 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பார்கள் கம்பம் பள்ளத்தாக்கில். நல்ல கதை. ஆனால் அங்கே விளையும் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க், 1850 வாக்கில் இங்கிலாந்தில் ஸ்னோ என்ற தோட்டக்காரர் கண்ணாடி வீட்டில் உருவாக்கிய ரகம். பிறக்காத கொடியைக் கப்பலேற்றியிருந்தால் பாதிரியாருக்குப் புனிதர் பட்டமே கொடுக்கலாம். வேறு ரகத்தைக் கொண்டுவந்திருப்பார்; புகழைப் பன்னீர் வாங்கிக்கொண்டது. 2023இல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது, இனி யார் கேட்கப்போகிறார்கள்?

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். நம்மூரில் அதற்குத் தூக்கமே கிடையாது. மார்கழி, தையில் ஒரு கவாத்து. வைகாசி, ஆனியில் இன்னொன்று. பிரெஞ்சுக் கொடி ஆண்டுக்கு ஒருமுறை காய்க்க, கம்பத்துக் கொடி இரண்டுமுறையாவது காய்க்கிறது. அங்கே தொழிற்சங்கம் வலுவாக இருக்கும்போல.

கல்லங்குறிச்சியில் சிக்கல் வேறு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வேருக்கு இரும்புச்சத்து எட்டாது. தளிர் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் வெளுத்து மஞ்சளாகும். அதிலிருந்து தப்பினால் ஐப்பசி அடைமழை. இலையைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பூசணம், அடிச்சாம்பல் நோய். ஷாம்பெயின்காரனுக்கும் இந்தத் தொல்லைகள் உண்டு. ஆனால் அவனுக்குச் சித்திரை வெயில் இல்லை.

ஆலிவ் ஆசை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். மரம் வளரும், ஆனால் குளிர் படாமல் பூக்காது. நிழலுக்கு நமக்கு வேம்பு போதும். திராட்சைதான் வேண்டுமென்றால் சுண்ணாம்பு குறைந்த செம்மண்ணும் மட்கிய எருவும் குழிக்கு இட்டு ஒரு பன்னீர் கொடி வையுங்கள். கவாத்துக் கத்தரியைக் கையில் எடுக்க மனம் வராதவர்கள் மாதுளை வைக்கலாம். அதுவும் மத்தியதரைக் கடல்காரர்கள் கொண்டாடும் செடிதான். சுண்ணாம்பையும் வெயிலையும் ஒருசேரத் தாங்கும்.