அரைக்கால் ஆரம்பம்

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் எதையும் சின்னதாக ஆரம்பித்தால் அது ஆரம்பித்ததாகவே கணக்கில் வராது. ஒரு டீக்கடை போட்டால்கூட ஃப்ளெக்ஸ் பேனரில் முதலாளி கும்பிட்டபடி நிற்பார். அவர் தலைக்கு மேலே தாய்மாமன்கள், பக்கத்தில் பங்காளிகள், கீழே கன்னத்தில் கை வைத்த பொடிசுகள் என்று ஒரு வம்சமே வாழ்த்தும். முதல் நாள் வாங்கிய பாலுக்கு ஆனதைவிட பேனருக்கு ஆன செலவு அதிகமாக இருக்கும். அதில் ஒரு நியாயமும் உண்டு. பால் திரிந்துபோனாலும் பேனர் திரியாது.

தனி மனிதனின் லட்சியத்துக்கும் இதே சடங்குதான். தொப்பையைக் குறைப்பது என்று ஒருவர் முடிவெடுத்தால் முதலில் ஷூ வாங்குகிறார். அடுத்து, எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரம். அதற்கடுத்து, விடிகாலை ஏரிக்கரையில் நின்று ஒரு செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார். நடப்பது நாலாவது வேலை. அதற்குள் பெரும்பாலும் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும்.

என் மச்சினன் ஆட்டுப் பண்ணை வைத்த கதையைச் சொன்னால் விஷயம் இன்னும் தெளிவாகும். யூடியூபில் ஒருவர் பரண்மேல் ஆடு வளர்த்து மாதம் லட்ச ரூபாய் எடுப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் ராத்திரி வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நூறு தலைச்சேரி ஆடு. வருஷத்துக்கு ரெண்டு ஈத்து, ஈத்துக்கு ரெண்டு குட்டி. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வருஷ முடிவில் உத்திரமேரூர் ஒன்றியத்தில் மனிதர்களுக்கு நிற்க இடம் இருக்காது போலிருந்தது. இரண்டு வருஷத்துக்கு மூன்று ஈத்துதான் என்று கால்நடை டாக்டர்கள் சொல்வார்களே என்றேன். "உங்களுக்கு எதுலயும் நெகட்டிவ் பேச்சுதான் மாமா" என்றான்.

கடன் வாங்கி மரச்சட்டத்தில் பரண் போட்டான். கோ-4 புல் நட்டான். வேலிமசால் விதைத்தான். தண்ணீர் குடிக்கத் தானியங்கிக் குழாய் வைத்தான். திறப்பு விழாவில் பிரியாணி போட்டான். என்ன ஆடு என்று கேட்காதீர்கள். ஆட்டுக்கு எந்த நேரத்தில் வயிறு உப்புகிறது, எது தின்றால் கழிகிறது என்று படிப்பதற்கு மட்டும் அவனுக்கு நேரமில்லை. முதல் மழைக்காலத்திலேயே பாடம் மொத்தமாக வந்து சேர்ந்தது, நூறு பிரதிகளில்.

அவன் பண்ணைக்கு எதிர்வீட்டில் ஒரு ஆயா இருக்கிறார். யாரோ வாரத்துக்கு விட்ட ஒரு பெட்டைக்குட்டியை வைத்து ஆரம்பித்தவர். காலையில் எழுந்ததும் கொட்டகைக்குப் போய்க் குனிந்து ஆட்டுப்புழுக்கையைப் பார்ப்பார். உருண்டையாக, உதிரியாக, பளபளப்பாக இருந்தால் திருப்தியாகத் தலையாட்டுவார். ஒட்டிக்கொண்டு கிடந்தால் அன்றைக்கு அந்த ஆட்டுக்குப் பச்சைத்தழை கிடையாது. "ஒரே ஆட்டை வச்சுக்கினு எவ்ளோ நாளைக்கு ஆயா?" என்று மச்சினன் அந்தக் காலத்தில் கேலி செய்தபோது ஆயா சொன்ன பதில்: "ஒண்ணுன்னா பேர் சொல்லிக் கூப்புடலாம்டா. நூறுன்னா ஆஜர் பட்டியல் வச்சுத்தான் கூப்புடணும்."

இப்போது ஆயாவிடம் ஒரு மந்தையே இருக்கிறது. மச்சினனின் பரணும் கம்பீரமாகத்தான் நிற்கிறது. மழை பெய்தால் ஆயாவின் ஆடுகள் அதன் கீழே ஒதுங்குகின்றன.

என் லட்சியத்துக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கடை வாசலில் நின்று, "குடவோலைக் கல்வெட்டு இருக்கிற கோயில் எதுங்க?" என்று கேட்பார்கள். வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வழி சொல்வேன். அதோடு விடமாட்டார்கள். "அதுல என்ன எழுதியிருக்கு?" என்பார்கள். தொல்லியல் துறை பலகையில் இருப்பதை ஒப்பிப்பேன். இந்த ஊரில் எல்லோரும் அந்தப் பலகையைத்தான் ஒப்பிக்கிறோம். 2020 டிசம்பரில் டில்லியில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் வாயிலேயே எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. அன்றைக்கு டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திய அத்தனை பேரையும் கோயில் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி ஒரு வரி படிக்கச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும்.

அந்தக் கல்லைப் படித்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வெளியே சொன்னதும் யோசனைகள் குவிந்தன. கல்வெட்டியலில் டிப்ளமா சேரச் சொன்னார் ஒருவர். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளை மொத்தமாக வாங்கிப் போடச் சொன்னார் இன்னொருவர். மைப்படி எடுக்கப் பழகினால்தான் ஆச்சு என்றார் மூன்றாமவர். சோழர் வரலாறு முழுக்கத் தெரியாமல் கல்லைத் தொடவே கூடாது என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாமே நல்ல யோசனைகள். எதைச் செய்தாலும் கல்வெட்டுப் பக்கம் போகாமல் நாலு வருஷத்தை ஓட்டிவிடலாம்.

நான் 'க' என்ற ஒரே எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் கோயிலுக்குள் நுழைந்து, அதிட்டானத்தில் வெட்டியிருக்கும் வரிகளில் 'க' எங்கே இருக்கிறது என்று தேடுவது. ஒன்று கிடைத்தால் போதும், அன்றைய படிப்பு முடிந்தது. பராந்தகச் சோழன் காலத்து 'க'வுக்கும் நம் 'க'வுக்கும் முகஜாடை இருக்கிறது, அதனால் துணிந்தேன்.

குனிந்து குனிந்து சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருவன் தினமும் கோயிலைச் சுற்றினால் ஊர் சும்மா இருக்குமா? "தாத்தா, காசு உழுந்துட்ச்சா?" என்று ஒரு பையன் கூடவே தேடினான். ஒரு அம்மாள் சில நாள் என்னைக் கவனித்துவிட்டுப் பக்கத்தில் வந்து ரகசியக் குரலில், "எந்தக் கிரகத்துக்குங்க இந்தப் பரிகாரம்?" என்று விசாரித்தார். ஒன்றுமில்லை, எழுத்துப் படிக்கிறேன் என்றேன். நம்பவில்லை. மறுவாரம் அவரும் இடுப்பை வளைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தார்.

'க' பிடிபட்டதும் 'ட'. அப்புறம் 'ப', 'ம'. கல்லில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. 'க' என்பதை 'க்' என்று படிப்பதா 'க' என்றே படிப்பதா என்பது நம் சாமர்த்தியம். குறிலுக்கும் நெடிலுக்கும் 'எ'கர, 'ஒ'கரங்களில் வித்தியாசம் காட்டமாட்டார்கள். 'ர'வும் துணைக்காலும் ஒரே அச்சாக இருக்கும். நடுநடுவே வடமொழிச் சொற்களுக்குக் கிரந்த எழுத்து வேறு வந்து வழி மறிக்கும். இவ்வளவு இருந்தும் ஒரு சாயங்காலம் நாலு எழுத்து சேர்ந்தாற்போல் பிடிபட்டது. கு, டு, ம, பு. 'குடுமபு'. யாரோ குடுமி வைத்தவர் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருக்கும்போது பொறி தட்டியது. 'ம' மேல் புள்ளி வைத்தால் குடும்பு! ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள் என்று பலகையில் ஒப்பிக்கிறோமே, அந்தக் குடும்பு.

சந்தோஷத்தில் மனைவியிடம் சொன்னேன். "இத்தினி நாளா சுத்துனதுக்கு ஒரே ஒரு வார்த்தைதானா?" என்றாள். "கல்லு தேயறதுக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல?"

நியாயமான சந்தேகம்தான். ஆனால் அந்தக் கல்லே எனக்குச் சாட்சி சொல்லியது. குடவோலை என்று நாம் கொண்டாடும் விதிகள் ஒரே நாளில் முழுசாக வந்து இறங்கியவை அல்ல. கோயிலில் இதைப் பற்றி இருப்பது இரண்டு கல்வெட்டு. முதலாவது பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919இல் வெட்டியது. இரண்டாவது அவனுடைய 14ஆம் ஆட்சியாண்டில், 921இல் வெட்டியது. முதல் கல்வெட்டில் உறுப்பினர் வயது 30க்கு மேல் 60க்குள். நடத்திப் பார்த்ததில் எங்கேயோ இடறியிருக்க வேண்டும். இரண்டே வருஷத்தில் 35க்கு மேல் 70க்குள் என்று மாற்றினார்கள். யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்ற விதிகளை விரிவாக எழுதினார்கள். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது என்று கதவை இழுத்துப் பூட்டினார்கள். உலகம் மெச்சுவது இந்த இரண்டாவது கல்லைத்தான். முதல் கல்லை ஆரம்பிக்காமல், எல்லா விதியும் யோசித்து முடித்த பிறகு தேர்தல் வைத்துக்கொள்ளலாம் என்று சபையார் உட்கார்ந்திருந்தால் ஓலை இன்னும் பனைமரத்திலேயே இருந்திருக்கும்.

வேலையையும் அவர்கள் பொடிசாகத்தான் நறுக்கினார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு ஆறே பேர். பதவி 360 நாள். வைரமேகத் தடாகம் என்று பல்லவர் காலத்திலிருந்து பெயர் பெற்ற அத்தனை பெரிய ஏரிக்கு ஆறு பேர்! இன்றைக்கு ஏரியில் ஒரு மதகு துருப்பிடித்தால் அதற்குக் குழு போட்டு, கௌரவத் தலைவர் யார் என்பதில் சண்டை முடிவதற்குள் அறுவடை முடிந்துவிடும்.

இதற்காகச் சோழர் காலமே பொற்காலம் என்று நான் புறப்படவில்லை. அந்தத் தேர்தல் நடந்தது ஒரு பிராமணச் சபையில். நிற்பதற்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். நிலம் குறைந்தால் அரைக்கால் வேலிக்குச் சலுகை உண்டு, ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு முக்கால் கிரவுண்டு மனையும் ஜெராக்ஸ் மெஷினும்தான். பெண்களுக்கும் நிலம் இல்லாதவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலையே கிடையாது. டீக்கடையில் இதைச் சொன்னால் அன்றைய டீச்செலவு முழுக்க என் தலையில் விழும். ஆனாலும் உண்மை அதுதான். மக்களாட்சியும் எங்கள் ஊரில் அரைக்கால்தான் தொடங்கியது. 1992இல் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக்கியது. அரைக்கால் பாதியாக ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. என் ஒற்றை வார்த்தையைப் பார்த்து யாரும் அவசரப்படத் தேவையில்லை.

சின்னதாகத் தொடங்குவது சோம்பேறிகளின் சாக்கு என்பவர்களுக்கு ஒரு லண்டன் செய்தி. அங்குள்ள யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு டம்ளர் தண்ணீர் மாதிரி தினம் ஒரு காரியத்தை ஆளுக்கொன்று பழகினார்கள். தானாகவே கை போகும் அளவுக்கு அது படிய நடுவாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்தும் காரியத்தைப் பொறுத்தும் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணித்தார்கள். சுலபமான காரியம் சீக்கிரம் படிந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் குடிமுழுகிப் போகவில்லை. ஒரு மண்டலம், 48 நாள் ஆனால் எதுவும் கைகூடும் என்று நம்புகிற ஊர் நம்முடையது. மாலையைக் கழற்றிய 49ஆம் நாள் சாயங்காலம் எங்கே கூட்டம் அதிகம் என்பதையும் நாம் அறிவோம்.

ஓடப் பழகுகிறவர்களுக்காக 1996இல் அமெரிக்கர் ஜோஷ் கிளார்க் போட்டுக் கொடுத்த திட்டமும் இதே ஜாதிதான். முதல் வாரம் 60 விநாடி மெல்ல ஓட்டம், 90 விநாடி நடை, மாற்றி மாற்றி 20 நிமிஷம், வாரத்துக்கு மூன்றே நாள். ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவது இலக்கு. சோபாவில் கிடப்பவர்களுக்கென்றே போட்டது அது. எங்கள் ஏரிக்கரைக்கும் பொருந்தும். 60 விநாடி ஓட்டத்துக்கு ஷூவின் விலையைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சின்ன ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்த பெரிய கஷ்டம் ஒன்றே ஒன்று. அதற்கு மாலை கிடைக்காது. நூறு ஆடு வாங்கினால் பிரியாணி உண்டு, வாழ்த்து உண்டு, பேனர் உண்டு. 'க' கண்டுபிடித்ததற்கு யார் பேனர் வைப்பார்கள்? காரியத்தைச் செய்யும் முன்பே பாராட்டு முழுக்க வந்து சேர்ந்துவிட்டால், அப்புறம் அதைச் செய்வதற்கு என்ன அவசரம்? பாராட்டு வராதவனுக்குக் காரியத்தைத் தவிர வேறு வேலையில்லை.

ஆகவே, ஏதாவது தொடங்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை இது. நினைப்பதை வீட்டில் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். "பலே, பெரிய விஷயம்!" என்று கை கொடுத்தால் ஜாக்கிரதை, அதைப் பாதியாக்குங்கள். மறுபடியும் கை கொடுத்தால் மறுபடியும் பாதியாக்குங்கள். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிரிக்கிறார்களா? அளவு சரியாக வந்துவிட்டது. இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.