சண்டையப் போடுங்க, ஒழுங்காப் போடுங்க

ஏலே, ரெண்டு பேரும் இப்படி வந்து உக்காருங்க. ராத்திரி பூரா ஒங்க சத்தம்தான். வரப்புத் தகராறுன்னாக்கூட ஒரு அர்த்தம் இருக்கு. ஜப்பான்காரன் வரைஞ்ச அனிமேயில பழசு ஒசத்தியா புதுசு ஒசத்தியான்னு அண்ணந்தம்பி சட்டையப் புடிக்கியளே! புடிங்க, நான் தடுக்கல. எனக்கும் பொழுது போவணும்லா. ஆனா ரெண்டு பேருக்கும் சண்டை போடத் தெரியல, அதான் வயித்தெரிச்சல். கட்டில்ல கெடந்துக்கிட்டு அவன் லேப்டாப்புல ஒண்ணு, இவன் போன்ல ஒண்ணுன்னு பாத்துப் பாத்து நானும் இந்த விசயத்துல பாதிப் பண்டிதன் ஆயிட்டேன். யோசனை சொல்லுதேன், கேளுங்க.

மொதல்ல பெரியவன். பழசுதான் ஒசத்தின்னு நீ கடைசி வரைக்கும் நிக்கணும்னா, அந்தப் பழசத் திரும்ப எடுத்துப் பாத்துராத. ஞாபகத்துலயே பத்திரமா வச்சுக்க. ஞாபகத்துல டிராகன் பால் இஸட் சும்மா பறக்கும். எடுத்துப் பாத்தேன்னு வையி, நாமெக் கிரகம் இன்னும் அஞ்சு நிமிசத்துல வெடிச்சிரும்னு வில்லன் ஃப்ரீசா சொல்லுவான். அந்த அஞ்சு நிமிசம் கிட்டத்தட்ட பத்து எபிசோடு ஓடும். ஒருத்தன் முறைப்பான், இன்னொருத்தன் பல்லக் கடிப்பான், ஒரு மலை ஒடையும், மிச்சத்த அடுத்த வாரம் பாரும்பான். தொரியாமா வாரா வாரம் பத்திரிகையில மங்கா வரைஞ்சுக்கிட்டு இருந்தாரு. டிவிக்காரன் அவர முந்திரப்பிடாது. சோறு வேகுறதுக்குள்ள விருந்தாளி வந்துட்டா திண்ணையில உக்கார வச்சு ஊர்க்கதை பேசுவோம்லா, அந்த வேலைதான் இது. ஃபில்லர்னு பேரு வச்சிருக்கியோ.

அந்த ஊர்க்கதையிலயும் ஒரு ருசி உண்டு, இல்லேங்கல. கோக்குவும் பிக்கோலோவும் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போவானுவ பாரு. ஆகாசத்துல பறக்குத பயலுவ, ஒரு கார ஓட்டத் தெரியாம முழிப்பானுவ. மங்காவுல இல்லாத கதை அது. மொத்தத் தொடர்லயும் எனக்கு அதான் உசத்தி. இப்ப வாரவன் பன்னெண்டு எபிசோடுல சுருட்டிக்கிட்டு ஓடுதான், லைசென்ஸ் எடுக்க அவனுக்கு எங்க நேரம்?

இதச் சொன்னதும் ஒனக்கு வாயெல்லாம் பல்லு. இரு, வாரேன்.

"அந்தக் காலத்துல செல்லுல கையால வரைஞ்சது, உசிரு இருக்கும், இப்ப எல்லாம் கம்ப்யூட்டரு"ங்குத வசனத்த இன்னையோட விட்டுரு. வெவரம் தெரிஞ்சவன்கிட்ட சொன்னா கிழிச்சுத் தோரணம் கட்டிருவான். இப்பவும் முக்காவாசித் தொடர்ல ஆளுவளக் கையாலதான் வரையுதாவ. பேப்பர்ல வரையுதவன் உண்டு, டேப்லெட்ல வரையுதவன் உண்டு. போனது எதுன்னா, செல்லுன்னு சொல்லுத, அந்தப் பக்கம் தெரியுத ஷீட்டுல பெயின்ட் அடிச்சு, ஒண்ணொண்ணாக் கேமராவுல புடிச்சாவளே, அந்த வேலை. 1990கள் கடைசியிலேருந்து அது மெல்ல மெல்லப் போச்சு. 1969-ல ஆரம்பிச்சு இன்னைக்கும் ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஓடுத சசாயே-சான் மட்டும் 2013 வரைக்கும் செல்லைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. உசிரு செல்லுலதான் இருக்குன்னா நீ அந்தக் குடும்பக் கதையையில்ல கும்பிட்டிருக்கணும்? ஒரு எபிசோடாவது பாத்திருப்பியால?

அப்புறம், "எங்க காலத்துல நல்ல படைப்ப ஊரே கொண்டாடுச்சு"ன்னு ஒரு பாட்டு பாடுத. பாடு. ஆனா தேதி மட்டும் சொல்லிராத, மாட்டிக்குவ. விண்வெளிக் கப்பல் யமாட்டோ 1974-ல வந்தப்போ பாக்க ஆளில்ல. 39 எபிசோடுன்னு திட்டம் போட்டவன் 26-ல ஏறக்கட்டிட்டான். யாரு கவுத்தது தெரியுமா? அதே ஞாயித்துக்கெழம, அதே நேரம், எதிர்ச் சேனல்ல ஹெய்டி. ஆல்ப்ஸ் மலையில ஆட்டுக்குட்டியோட திரியுத ஒரு சின்னப் பொண்ணு, அம்புட்டுப் பெரிய பீரங்கிக் கப்பலச் சாச்சுப்புட்டா. 1977-ல தொகுத்துத் தியேட்டர்ல போட்டப்புறந்தான் சனம் வரிசையில நின்னுச்சு. 1979-ல மொபைல் சூட் கன்டாம். ஸ்பான்சரு பொம்மைக்காரன், பொம்ம போவல, ரேட்டிங்கும் வரல. 52-ல முடிய வேண்டியது 43-லயே முடிஞ்சுது. மறு ஒளிபரப்பும், 1980-ல பாண்டாய் விட்ட பிளாஸ்டிக் மாடலும் சேந்துதான் இயக்குநர் தோமினோவத் தீர்க்கதரிசி ஆக்குச்சு.

இவாஞ்சலியனுக்கு வா. நீ பூசை போடாத கொறையா வச்சிருக்கியே, அதான். 1996 மார்ச்சுல கடைசி ரெண்டு எபிசோடு வந்துச்சு. சண்டையில்ல, ராட்சசன் இல்ல. பையன் நாக்காலியில உக்காந்து தன்னத்தானே கேள்வி கேக்கான், அசையாத படமா ஓடுது, கடைசியில எல்லாரும் சுத்தி நின்னு கைதட்டி வாழ்த்துதாவ. ரசிகமாருக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. இயக்குநர் ஆன்னோ என்ன பண்ணினாரு? 1997-ல முடிவ வேற மாதிரி படமா எடுத்து, தன்னத் திட்டி வந்த சேதியளையும் அதே படத்துக்குள்ள மின்ன விட்டாரு. சூட்டோட சூடா அன்னைக்கு வஞ்சவனெல்லாம் இப்ப "அதெல்லாம் ஆழம்டா தம்பி"ங்கான். ஆழம் நடுவுல எப்பத் தோண்டுனானுவளோ.

பாரம்பரியம் வேணும்னா இந்தா, இத வச்சுக்க. 1963-ல தெசுகா ஆஸ்ட்ரோ பாய ரொம்பக் கம்மிக் காசுக்கு டிவிக்கு ஒத்துக்கிட்டாரு. வரைஞ்ச படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டி, உடம்ப நிறுத்தி வாய மட்டும் அசைச்சு, வாரம் ஒண்ணு முடிக்கணும். அந்தக் கம்மி ரேட்டு பின்னால வந்தவன் தலையிலயும் விடிஞ்சுது. அவரு 1989-ல எறந்தப்போ, மனுசர மதிக்கேன், அனிமேசன்ல அவரு செஞ்சத ஒத்துக்க மாட்டேங்குத மாதிரி இயக்குநர் மியாசாகி பளிச்சுன்னு பேசிப்புட்டாரு. இழவு வீட்டுலயே ஆரம்பிச்ச சண்டைடா இது. நீங்க ரெண்டு பேரும் என்னமோ நேத்துக் கண்டுபுடிச்ச மாதிரி குதிக்கிய.

சின்னவனே, அங்க என்ன சிரிப்பு? ஒனக்கும் யோசனை உண்டு. வசூல வச்சு வாதாடாத. டீமன் ஸ்லேயர் முகேன் டிரெய்ன் 2020-ல வந்து, ஸ்பிரிட்டட் அவே 2001-லேருந்து காத்த ஜப்பான் சாதனைய ரெண்டரை மாசத்துல முறிச்சுட்டுது, சரி. காசு எண்ணுனது அவன். நீ எதுக்குல காலரத் தூக்குத? ஒன்றரை ஸ்பீடுல ஓட விட்டுக்கிட்டு "தாத்தா, அனிமேசனக் கவனிங்க"ங்குத. எதக் கவனிக்க? போன வருசம் ஒண்ணப் பாத்துட்டு, இதுக்கு மேல ஒலகத்துல ஒண்ணு வராதுன்னு கண்ணுல தண்ணி விட்டியே, அது பேரு என்ன? பாரு, முழிக்க.

மூணு மாசத்துக்கு ஒருக்க சீசன் மாறுது, கொட்டுதானுவ. அதுல பாதித் தொடர்ல எவனோ ஒருத்தன் செத்து வேற ஒலகத்துல பொறக்கான். தலைப்பிலயே முழுக்கதையும் இருக்கும். தானியங்கி விற்பனை மெஷினாப் பொறந்து குகையில திரியுதவன் கதை 2023-ல வந்துச்சு. நான் மனசாரச் சொல்லுதேன், அந்த மெஷின எனக்குப் புடிச்சுப் போச்சு. சாமான் குடுக்கு, ஊரு வம்புக்குப் போவல. பெரியவனுக்குத்தான் முகம் சுருங்குது.

இந்த ரீமேக் கூத்தையும் சொல்லிருதேன். 1989-ல வந்த ரன்மாவ 2024-ல புதுசா எடுத்தாவ. பழைய ஆளுவளுக்காக பழைய குரல்காரங்க பல பேரையே திரும்பப் பேச வச்சாவ. பெரியவன் பாத்துட்டு கலர் சரியில்லேன்னான். சின்னவன் பாத்துட்டு ரொம்பப் பழைய கதையா இருக்குன்னான். ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து கொறை சொன்னது அன்னைக்கு ஒரு நாளுதான், வீடு நிம்மதியா இருந்துச்சு. ஜப்பானிய மொழியில சப்டைட்டிலோட பாக்கணுமா டப்பிங்கான்னு அடுத்த சண்டை வருமே, அதுல என்ன இழுக்காதீங்க. டீமன் ஸ்லேயரோட இன்ஃபினிட்டி காஸில் 2025-ல தமிழ் பேசிக்கிட்டே தியேட்டருக்கு வந்துட்டான், நான் அவன் கட்சி.

சின்னவனே, கடைசியா ஒண்ணு, கிட்ட வா. இன்னும் இருவது வருசம் போவட்டும், ஒம்மவன் எதையோ ஒண்ணக் காட்டி ஒன்னோட டீமன் ஸ்லேயரத் தாத்தா காலத்துப் படம்பான். அன்னைக்கு ஒனக்கு வசனம் வேணும்லா? "அதுல உசிரு இருந்துச்சு", "இப்ப உள்ளவனுக்குப் பொறுமை இல்ல", எல்லாம் பெரியவன்கிட்ட மனப்பாடமா இருக்கு. இப்பவே ஒரு நோட்டுல எழுதி வாங்கிக்க. சும்மாத் தரமாட்டான், டீ வாங்கிக் குடு.